உறையாத தண்ணீர்

கிளிசரின் என்ற பெயர் நம் ஊரில் இரண்டு இடங்களில் அடிபடும். ஒன்று சினிமா ஸ்டூடியோ. கதாநாயகிக்கு அழுகை வர மறுத்தால் மேக்கப்காரர் அதில் ஒரு சொட்டைக் கண்ணோரத்தில் வைப்பார். மற்றது, வாய்ப்புண் வந்த குழந்தை இருக்கும் வீடு. போரோ கிளிசரினைப் பஞ்சில் தொட்டு நாக்கில் தடவுவார்கள். இனிப்பாக இருப்பதால் குழந்தையும் சண்டை போடாது. இத்தனை சாதுவான, பிசுபிசுப்பான, நிறமில்லாத திரவத்துக்கு அமெரிக்காவில் மூன்றாவதாக ஓர் உத்தியோகம் இருந்தது என்பதும், அந்த உத்தியோகத்தில் இருக்கும்போது அது ஓர் உயிரைக் குடித்தது என்பதும் எனக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தன. தீயை அணைக்கும் குழாய்களில் அதைத் தண்ணீரோடு கலந்து வைத்திருந்தார்கள். கலக்கலாம் என்று விதியே இருந்தது. அந்த விதியின் கதைதான் இது.

நாவல் எழுதுகிறவனுக்கு விதிநூலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விதிநூலைப் போன்ற சுவையான கதைப் புஸ்தகம் கிடையாது என்பது என் கட்சி. "இந்த இடத்தில் இதைச் செய்யாதே" என்று ஒரு வரி இருந்தால், முன்பு யாரோ அந்த இடத்தில் அதைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யார், ஏன், என்ன ஆயிற்று என்பதை விதிநூல் சொல்லாது. அதைத் தேடிப் போவதில்தான் ருசி.

பெரிய ஜவுளிக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கூரையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளை மூக்குகள் தொங்கும். மூக்கின் நடுவே மிளகாய்ப் பழம் போலச் சிவப்பாக ஒரு கண்ணாடிக் குமிழ். ஸ்பிரிங்க்ளர் என்கிறார்கள், நாம் தெளிப்பான் என்போம். கீழே தீப்பிடித்துக் கூரையருகே சூடு ஏறி, குமிழ் 68 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து குமிழை உடைத்துவிடும். குமிழ் அடைத்துக்கொண்டிருந்த வழியாகத் தண்ணீர் கொட்டும். எந்த மூக்குக்குக் கீழே சூடோ அந்த மூக்கு மட்டும்தான் திறக்கும். சினிமாவில் ஒரு நெருப்புக் குச்சியைக் காட்டியதும் மாளிகை முழுவதும் மழை பெய்கிறதே, அது டைரக்டரின் கற்பனை.

இது பிறந்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் பிரதேசத்தில். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் பெருகின. பஞ்சும் எண்ணெயும் மரத் தரையும் சேர்ந்த இடத்தில் நெருப்புக்குக் கேட்பானேன்! லோவெல் நகரத்து ஆலைகளில் ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற எஞ்ஜினீயர் கூரையடியில் துளையிட்ட குழாய்களை ஓடவிட்டார். தீப்பிடித்தால் ஒருவர் ஓடிப் போய் வால்வைத் திறக்க வேண்டும். தானாகத் திறக்கும் தெளிப்பானுக்கு 1872-ல் பிலிப் பிராட் என்பவர் உரிமை பெற்றார். 1874-ல் நியூ ஹேவனில் பியானோத் தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலீ, தம் தொழிற்சாலைக்காகவே ஒன்றைச் செய்து பொருத்தினார். பிராவிடன்ஸ் நகரத்து பிரடெரிக் கிரின்னல் அதைத் திருத்தி உலகெங்கும் கொண்டுபோனார்.

ஆளுக்கொரு தெளிப்பான் வந்ததும் ஆளுக்கொரு விதியும் வந்தது. குழாய் எவ்வளவு பருமன், ஒரு மூக்குக்கும் அடுத்த மூக்குக்கும் எத்தனை தூரம் என்பதற்குப் பாஸ்டன் நகரைச் சுற்றி நூறு மைலுக்குள் ஒன்பது விதமான கணக்குகள் இருந்தனவாம். 1895-ல் இன்ஷூரன்ஸ்காரர்களும் தெளிப்பான் வியாபாரிகளும் பாஸ்டனில் கூடிப் பேசினார்கள். மறு வருஷம் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் உதயமாயிற்று. அது சர்க்கார் ஸ்தாபனம் அல்ல. ஆனால் அது எழுதும் விதியை ஊர்கள் தங்கள் சட்டமாக எடுத்துக்கொள்ளும். தெளிப்பான்களுக்கான அதன் விதிநூலுக்கு எண் 13. மேல்நாட்டார் அபசகுனம் என்று ஒதுக்கும் எண் இந்த நூலுக்கு எப்படி வாய்த்ததோ!

சங்கத்தார் கட்டிப் புரண்ட பிரச்னைகளில் ஒன்று குளிர். நமக்குக் குளிர் என்றால் மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதோடு சரி. சீசாவை வெயிலில் வைத்தால் இளகிவிடும். நியூ இங்கிலாந்தில் உறைவது தண்ணீர். தண்ணீருக்கு ஒரு விபரீத குணம் உண்டு. உறையும்போது சுருங்காமல் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். இரும்புக் குழாயானாலும் வெடித்துப் பிளக்கும். பனிக்கட்டி அடைத்திருக்கும் வரையில் பிளந்தது யாருக்கும் தெரியாது. வெயில் வந்து இளகிய பிறகுதான் வீட்டுக்குள் அருவி கொட்டும். தீயணைப்புக்காரர் கவலை அதுவல்ல. குழாயில் பனிக்கட்டி இருக்கும் இரவில் தீப்பிடித்தால் மூக்கு திறந்தும் ஒரு சொட்டு வராது. ஆகவே, தண்ணீர் நிரம்பிய குழாய் ஓடும் இடத்தில் வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று விதி செய்தார்கள்.

போகிற இடத்துக்கு என்ன செய்வது? முதல் யுக்தி, குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்து வைப்பது. காற்றின் அழுத்தம் ஒரு வால்வை மூடிக்கொண்டிருக்கும். மூக்கு திறந்து காற்று வெளியேறியதும் வால்வு திறந்து தண்ணீர் ஓடி வரும். நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் வந்து சேரச் சற்று நேரம் ஆகும். பெரிய அமைப்புகளில் கடைசி மூக்குக்கு ஒரு நிமிஷத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. தீக்கு ஒரு நிமிஷம் நீண்ட காலம். தவிர, ஈரமும் காற்றும் சேர்ந்த குழாய் துருவுக்கு விருந்து. பெரிய ஆலைக்கு இந்த ஏற்பாடு சரி. ஒரு கிடங்கின் வாசல் மேடைக்கும், கூரைக்கடியில் இருக்கும் ஒரு பொந்துக்கும் இத்தனை சம்பிரமம் கட்டுமா?

இரண்டாவது யுக்தியை மோட்டார்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். காரின் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க 1927 முதலே எதிலின் கிளைகோல் என்ற திரவம் டப்பாவில் விற்பனைக்கு வந்திருந்தது. அதைப் போலத் தெளிப்பான் குழாயிலும் எதையாவது கலந்தால் என்ன? 1950-களில் 13-ம் எண் விதிநூலில் இதற்கென்று வழிமுறையும் பட்டியலும் இடம் பெற்றிருந்தன. கால்சியம் குளோரைடு உப்பு, எதிலின் கிளைகோல், டைஎதிலின் கிளைகோல், புரோப்பிலின் கிளைகோல், நம் கிளிசரின்.

விதி எழுதியவர்கள் அசடர்கள் அல்ல. இந்தக் கலவை குடிதண்ணீர்க் குழாயோடு சேர்ந்திருக்கிறதே, பின்னோக்கிப் போய் யாராவது குடித்துவிட்டால்? 1937-ல் அமெரிக்காவில் டைஎதிலின் கிளைகோலில் கரைத்த ஒரு மருந்தைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள், அவர்களில் பல குழந்தைகள், இறந்த கொடுமையை அந்த நாடு மறந்திருக்கவில்லை. ஆகவே குடிதண்ணீரோடு தொடர்புள்ள இடத்தில் மருந்துச் சுத்தமான கிளிசரினும் புரோப்பிலின் கிளைகோலும் மட்டுமே என்று வரையறுத்தார்கள். கலவை தண்ணீரைவிடக் கனமானது. பக்கத்துக் குழாய்க்கு நழுவிப் போகாமல் இருக்கக் குழாயை 5 அடி கீழே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும் என்றார்கள். கதவு வால்வில் ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்குள்ள ஊசித் துளை இட வேண்டும். வெயிலில் கலவை விரிந்தால் அழுத்தம் அதன் வழியே தணியும் என்றார்கள். ஊசித் துளை வரைக்கும் யோசித்த மனிதர்கள் அவர்கள்.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். எந்தத் திரவம், நூற்றுக்கு எத்தனை பங்கு, அதன் அடர்த்தி எவ்வளவு, எத்தனை டிகிரியில் உறையும். கிளிசரினுக்கு 50, 60, 70 பங்கு என்று மூன்று வரிகள். புரோப்பிலின் கிளைகோல் 60 பங்கில் முடியும். உறையுமா என்று கேட்டிருக்கிறார்கள். விஷமா என்று கேட்டிருக்கிறார்கள். எரியுமா என்று கேட்க அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் இல்லை. நெருப்பின்மேல் கொட்டுவதற்கென்றே வைத்திருந்த திரவம்!

இதை வெறும் மறதி என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கிளிசரின் கலந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நெருப்புக் குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணையும். சுத்தமான கிளிசரினே ஏறக்குறைய 160 டிகிரிக்குமேல் சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். பரீட்சை செய்து பார்ப்பவனுக்கு நிம்மதி தரக்கூடிய திரவம் அது. ஆனால் கிண்ணத்தில் இருப்பது வேறு, தூவானமாகப் பறப்பது வேறு. கோயில் திருவிழாவில் தீவட்டிக்காரன் வாய் நிறைய மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு பந்தத்தின்மேல் ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் இருந்தவரை சும்மா இருந்த எண்ணெய், பொடிப் பொடித் துளியானதும் ஆள் உயரத்துக்கு ஜ்வாலையாகிறது. தெளிப்பானின் வேலையே தூவானம் செய்வதுதான். கொழுந்து விட்டெரியும் தீயின்மேல் அந்தத் தூவானம் விழும்போது துளியிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகும், மிஞ்சுவது கிளிசரின். தண்ணீர் போதிய அளவு இருந்தால் அது தீயைக் குளிர்வித்து வென்றுவிடும். குறைவாக இருந்தால்?

ரசாயன வகுப்பில் பர்மாங்கனேட் படிகத்தின்மேல் கிளிசரினை இரண்டு சொட்டு விட்டு வாத்தியார் காட்டியது ஞாபகம் வருகிறது. சற்று நேரம் ஒன்றும் இராது. பிறகு புகைந்து, பக்கென்று ஊதா நிறத்தில் பற்றும். இந்தக் கிளிசரினிலிருந்துதான் நைட்ரோ கிளிசரின் செய்கிறார்கள். அதை அடக்கித்தான் 1867-ல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்கு உரிமை பெற்றார். சாதுவின் குடும்பத்தில் இப்படியும் உறவினர்கள் உண்டு.

இருபது வருஷத்துக்குமேல் இந்தப் பட்டியல் பெரும்பாலும் கிடங்குகளுக்கும் வாசல் மேடைகளுக்கும்தான் பயன்பட்டது. 1975-ல் நிலைமை மாறிற்று. தீயில் சாகிறவர்களில் மிகப் பலர் தங்கள் வீட்டிலேயே சாகிறார்கள் என்பதால் சிறு வீடுகளில் தெளிப்பான் அமைக்கத் தனி விதிநூலைச் சங்கம் வெளியிட்டது. 1989-ல் நாலு மாடி வரையிலான குடியிருப்புகளுக்கு இன்னொன்று. மிக நல்ல காரியம். ஆனால் ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்த தெளிப்பானோடு பட்டியலும் கூடவே வீட்டுக்குள் வந்தது. வீட்டில் இரும்புக் குழாய்க்குப் பதில் பிளாஸ்டிக் குழாய். அந்தப் பிளாஸ்டிக்கில் புரோப்பிலின் கிளைகோல் பட்டால் விரிசல் காணும். கிளிசரின் ஒத்துப் போகும். எனவே கிளிசரினுக்குக் கிராக்கி. ஆலையில் கலவை குடிகொண்டது ஆளில்லாத மூலையில். வீட்டிலோ அடுப்புக்கு நேர் மேலே.

கிளிசரினைப் பற்றி இன்னொரு விசித்திரம். அதைக் கலக்கக் கலக்கத் தண்ணீர் உறையும் நிலை கீழே போய்க்கொண்டே இருக்காது. மூன்றில் இரண்டு பங்கு வரை கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 46 டிகிரி வரை தாங்கும். அதற்குமேல் கலந்தால் உறைநிலை திரும்ப மேலே ஏறத் தொடங்கும். கலப்பில்லாத கிளிசரின் 18 டிகிரியிலேயே கட்டியாகக் கூடியது. நம் ஊட்டியில்கூட உறையலாம்! ஆகவே பட்டியலின் கடைசி வரியான 70 பங்கு, உறைவதற்கும் உதவவில்லை, எரிவதற்கும் தடையாக இல்லை. "எதற்கும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று உப்பைப் போடும் நம் சமையல்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

முதல் எச்சரிக்கை 2001-ல் வந்தது. நியூ ஜெர்ஸியில் மான்மத் பீச் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டு விடுதியின் வெளித் தளத்தில் குளிருக்காக வைத்த ஹீட்டரின் சூட்டில் தெளிப்பான் திறந்துகொண்டது. தீயே பிடிக்கவில்லை. கொட்டிய கலவை ஹீட்டரில் பற்றிச் சிலருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. விதி அப்படியே இருந்தது.

கலிபோர்னியாவில் ஸியர்ரா நெவாடா மலைமேல் ட்ரக்கி என்று ஓர் ஊர். பனிக்குப் பேர்போனது. 1846-ல் மேற்கே குடியேறப் போன டானர் குழுவினர் பனியில் சிக்கி, பட்டினியில் பாதிப் பேர் மடிந்தது அந்த ஊரை ஒட்டிய ஏரிக் கரையில்தான். அத்தகைய ஊரில் குழாயில் உறைதடுப்பு இல்லாமல் எப்படி? 2009 ஆகஸ்டில் அங்கே ஒரு குடியிருப்பின் சமையலறையில் அடுப்பிலிருந்த எண்ணெய் தீப்பிடித்தது. தெளிப்பான் தன் கடமை தவறாமல் திறந்தது. கொட்டிய கலவை குப்பென்று பெருந்தீயாக வெடித்துப் பரவியது. ஒருவர் இறந்தார், இன்னொருவர் கடுமையாகப் படுகாயமுற்றார். பனிக்காக வைத்த மருந்து நல்ல வெயில் காலத்தில் வந்து கொன்றது. குழாயில் இருந்த கலவையில் கிளிசரின் நூற்றுக்கு 71.2 பங்கு என்று சொல்லப்பட்டது.

பட்டியலின் கடைசி வரி 70 என்பதை மறந்துவிடாதீர்கள். வித்தியாசம் 1.2. குழாய்க்காரன் விதியை மீறி அள்ளிக் கொட்டிவிட்டான் என்று யாரும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. விதி எங்கே நின்றதோ ஏறக்குறைய அங்கேதான் அவனும் நின்றிருக்கிறான்.

2010 ஜூலையில் சங்கம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டுத் தெளிப்பான் குழாயில் உறைதடுப்பு இருந்தால் அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீரை நிரப்புங்கள் என்றது. தெளிப்பானை மட்டும் மூடிவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லிற்று. இந்த இடத்தில்தான் எனக்கு அந்தச் சங்கத்தார்மேல் இரக்கம் பிறக்கிறது. நாலு மாதத்தில் குளிர்காலம். வெறும் தண்ணீர் இருந்தால் குழாய் வெடிக்கலாம். வெடிக்குமென்று பயந்து வீட்டுக்காரர் வால்வையே மூடிவிட்டால் தீப்பிடித்த அன்று ஒன்றும் இராது. கலவை இருந்தால் ட்ரக்கி. தெளிப்பானால் உயிர் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் சாதனத்தின் பெயரே கெட்டுவிடுமோ என்ற அச்சம் வேறு.

அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ் என்ற சோதனைச் சாலையில், சமையலெண்ணெயைக் கொளுத்திவிட்டு விதவிதமான கலவைகளை மேலே கொட்டிப் பார்த்தார்கள். 70 பங்கு கிளிசரினும் 60 பங்கு புரோப்பிலின் கிளைகோலும் சில சந்தர்ப்பங்களில் தீயைத் தணிப்பதற்குப் பதில் வளர்த்தன. 50 பங்கு கிளிசரினும் 40 பங்கு கிளைகோலும் அவ்வளவு பெரிதாகப் பற்றவில்லை. மூக்கின் ஜாதி, தண்ணீரின் அழுத்தம், கீழே எரியும் தீயின் அளவு எல்லாம் சேர்ந்து முடிவை மாற்றின. அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்திருக்கக்கூடிய பரீட்சை. ஒரு வாணலி, ஒரு மூக்கு, ஒரு குடம் கலவை. இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டியதில்லை. பட்டியலில் 70 என்று அச்சிட்ட கையால் அதையும் செய்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு விதி தத்தளித்ததைப் பாருங்கள். 2010 ஆகஸ்டில் இடைக்காலத் திருத்தம்: புதிய வீடுகளில் உறைதடுப்பே கூடாது. 2011-ல் அடுத்த திருத்தம்: கூடும், ஆனால் கிளிசரின் 48 பங்குக்கு மேலும், புரோப்பிலின் கிளைகோல் 38 பங்குக்கு மேலும் போகக் கூடாது, அதையும் தொழிற்சாலையிலேயே கலந்து கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை நியாயமானது. வாளியில் ஊற்றித் துடுப்பால் கலக்கினால் கனமான திரவம் அடியில் தங்கிவிடும். ஒரு மூக்கிலிருந்து தண்ணீரும் அடுத்த மூக்கிலிருந்து கிளிசரினுமாகக் கொட்டும். 2012-ல், மேலும் பரீட்சைகள் செய்த பிறகு, புதிய அமைப்புகளில் சோதனைச் சாலை பரீட்சித்துத் தன் பட்டியலில் சேர்த்த திரவத்தைத்தான் ஊற்றலாம் என்று முடிவாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பட்டியலில் ஏறிய பொதுவான திரவம் ஒன்றுகூடக் கடையில் கிடைக்கவில்லை. பல வருஷங்களுக்குக் கிடைக்கவில்லை. "அனுமதி உண்டு, சரக்குதான் இல்லை" என்ற கதை. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. கட்டடக்காரர்கள் குழாயைக் குளிர்ந்த பரணில் ஓட்டாமல் வெப்பமான அறைப் பக்கமாகத் திருப்பி, மேலே பஞ்சுப் போர்வை போர்த்தப் பழகினார்கள். இதை முன்பே செய்திருந்தால் பல வீடுகளுக்குக் கிளிசரினே தேவைப்பட்டிராது.

பழைய அமைப்புகளுக்கு என்ன செய்வது? 2012 செப்டம்பர் 30-க்கு முன் போட்டவற்றுக்குப் பத்து வருஷம், 2022 செப்டம்பர் 30 வரை, கெடு கொடுத்தார்கள். கிளிசரின் 38 பங்குக்குள்ளும் கிளைகோல் 30 பங்குக்குள்ளும் இருந்தால் அதுவரை விட்டுவைக்கலாம். அதற்கு மேலே, 50-க்கும் 40-க்கும் உள்ளே இருந்தால், ஆபத்து எவ்வளவு என்று தகுந்தவர் ஆராய்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எல்லையையும் தாண்டியதை வைத்திருக்கவே கூடாது.

பத்து வருஷக் கெடு எனக்கு நெருடத்தான் செய்கிறது. எரியும் என்று தெரிந்த பிறகு நாள் குறிப்பானேன் என்று மனம் கேட்கிறது. ஆனால் ஊர் ஊராக எத்தனையோ கட்டடங்களின் குழாய்களை ஒரே குளிர்காலத்துக்குள் மாற்று என்றால், மாற்றுகிறவர் எத்தனை பேர், அடைத்துவிட்டுச் சும்மா இருக்கிறவர் எத்தனை பேர்? வீரியம் மிகுந்த கலவையை உடனே எடுத்துவிட்டு, மெலிந்ததற்குத் தவணை கொடுத்ததில் கொஞ்சம் விவேகம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கெடு முடிவதற்குச் சில வருஷங்கள் முன்னால்தான், தீயின்மேல் கொட்டிப் பரீட்சித்துத் தேறிய புதிய திரவங்கள் ஒன்றிரண்டு விற்பனைக்கு வந்தன.

இப்போது இன்னொரு விதியும் உண்டு. உறைதடுப்பு உள்ள அமைப்பின் வால்வருகே ஒரு பலகை தொங்க வேண்டும். உள்ளே இருப்பது எந்தத் திரவம், யார் செய்தது, நூற்றுக்கு எத்தனை பங்கு, மொத்தம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்குமுன் கலவையில் கொஞ்சம் எடுத்து அளந்து பார்க்க வேண்டும். அளந்து சரியில்லை என்றால் குழாய் முழுவதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். மேலே கொஞ்சம் கிளிசரினை ஊற்றிச் சரிக்கட்டக் கூடாது.